285 என்றால் எவ்வளவு தூரம்? டிஸ்க் கோல்ஃபில் அடியும் மீட்டரும்

போன வசந்த காலத்தில், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைக்காரத் தம்பி ஒருவரை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு டிஸ்க் கோல்ஃப் ஆடக் கூட்டிப் போனேன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பூங்காக்கள் நிறைய உண்டு, பெரும்பாலானவற்றில் காசு வாங்குவதில்லை. முதல் டீயில், அதாவது எறியத் தொடங்கும் இடத்தில், நின்று பலகையைப் பார்த்தார். ஹோல் 1, பார் 3, அதற்குக் கீழே 285. வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணே, 285 மீட்டரா? மூணு எறியில எப்படிண்ணே முடிக்கிறது?"

"மீட்டர் இல்ல தம்பி, அடி. மீட்டர்ல 87தான் வரும்."

நிம்மதியானார். கையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் 175 என்று எழுதியிருந்தது. "இதுவும் அடியா?" என்றார். அது கிராம் என்றேன். கூடைக்குக் கிட்டே போனதும் புல்லில் வெள்ளைப் புள்ளிகளால் வட்டம் போட்டிருப்பதைக் காட்டினார். அது பத்து மீட்டர் என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரே ஹோலை ஆடி முடிப்பதற்குள் அடி, கிராம், மீட்டர் மூன்றும் வந்துவிட்டன. ஏன் இப்படி என்று நான் ஒருபோதும் யாருக்கும் உட்கார்ந்து விளக்கியதில்லை. திரும்பி வரும்போது காரில் அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தட்டுவதைப் போல இதில் டிஸ்க்கை, ஃபிரிஸ்பி மாதிரியான தட்டை, எறிந்து கூடையில் விழ வைக்க வேண்டும். ஒரு கம்பம், அதன் மேல்பகுதியில் தொங்கும் சங்கிலிகள், கீழே இரும்புக் கூடை. டிஸ்க் சங்கிலியில் பட்டு வேகம் குறைந்து கூடைக்குள் விழும். ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரை உள்ளது ஒரு ஹோல். அதைக் குறைந்த எறிகளில் முடிப்பவருக்கு வெற்றி. பார் 3 என்றால், நன்றாக ஆடுகிறவர் அந்த ஹோலை மூன்று எறிகளில் முடிப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது இந்தக் கலப்பு

1975-இல் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ் என்ற ஊரின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் கோர்ஸ், அதாவது ஆடுகளம், அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பியைச் செம்மைப்படுத்தியவரும் அவர்தான். அடுத்த ஆண்டே, 1976-இல், பிடிஜிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். சங்கிலிக் கூடைக்கு அவர் வாங்கிய காப்புரிமை 1977-இல் கிடைத்தது.

அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு என்பதால் மைதானத்துப் பேச்சு அடியிலேயே வளர்ந்தது. டீ பலகை அடியில், எவ்வளவு தூரம் எறிகிறாய் என்ற பேச்சு அடியில், வர்ணனை அடியில். ஆனால் விளையாட்டு அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஸ்வீடன், ஃபின்லாந்து, எஸ்டோனியா, ஜெர்மனி என்று பரவியது. 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் பெண்கள் உலகப் பட்டத்தை வென்ற கிறிஸ்டின் தட்டார் எஸ்டோனியாக்காரர். 2025 உலகச் சாம்பியன்ஷிப் ஃபின்லாந்தில், நோக்கியா, தம்பரே ஊர்களில் நடந்தது. அங்கெல்லாம் குழந்தைகள் மீட்டரில்தான் வளர்கிறார்கள். பிடிஜிஏ-வின் விதிப்புத்தகம் ஒன்று, உலகம் முழுவதற்கும் அதுதான். அந்தப் புத்தகத்தில் நீளம் எல்லாம் மீட்டரிலும் சென்டிமீட்டரிலும் இருக்கின்றன.

ஆகவே புதிதாக வருகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: விதி மீட்டரில், அமெரிக்கப் பலகை அடியில், டிஸ்க்கின் எடை எங்கே போனாலும் கிராமில்.

சொல்லைப் பற்றியும் ஒரு திருத்தம். அமெரிக்க அளவுகளை இம்பீரியல் என்று எல்லோரும் சொல்கிறோம். கண்டிப்பாகப் பார்த்தால் இம்பீரியல் என்பது பிரிட்டனின் முறை. அமெரிக்காவினுடையது அதன் உடன்பிறப்பு. கேலன் போன்றவற்றில் இரண்டும் வேறுபடும். ஆனால் அடியைப் பொறுத்தவரை 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டு, ஓர் அடி என்பது சரியாக 0.3048 மீட்டர் என்று வைத்துவிட்டன. அதாவது இன்று அடிக்கே மீட்டரிலிருந்துதான் பொருள் வருகிறது. டிஸ்க் கோல்ஃபுக்கு இது போதும்.

கையில் இருக்கும் டிஸ்க்

175 என்ற எண்ணைப் பல டிஸ்க்குகளில் பார்ப்பீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அழகாக இருக்கும். டிஸ்க்கின் விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது பிடிஜிஏ விதி. எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம், அதற்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் மொத்தத்தில் 200 கிராமைத் தாண்டக் கூடாது. இப்போது கணக்குப் போடுங்கள். தொலைவுக்கு எறியும் டிரைவர் வகை டிஸ்க்குகள் பெரும்பாலும் 21 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருக்கும். 21.1-ஐ 8.3-ஆல் பெருக்கினால் 175.1. அந்த 175 இதுதான். தொழிற்சாலை அமெரிக்காவில் இருந்தாலும் எடையை அவுன்ஸில் எழுதுவதில்லை. ஃபீனிக்ஸிலும் கிராம், ஹெல்சின்கியிலும் கிராம்.

ஒரு யோசனை: ஆரம்பத்திலேயே 175 வாங்காதீர்கள். 150-லிருந்து 165 கிராம் வரை உள்ள டிஸ்க் புதிய கைக்கு எளிதாகப் பறக்கும். கடையில் கனமானதைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க்கின் மேல்பக்கத்தில் வேறு நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். 9, 5, -1, 2 என்பது மாதிரி. வேகம், மிதப்பு, தொடக்கத்தில் சாய்வது, கடைசியில் திரும்புவது என்று வரிசையாக அர்த்தம். இவற்றுக்கு அலகே கிடையாது. வேகம் 9 என்றால் 9 மைலும் இல்லை, 9 மீட்டரும் இல்லை. டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான மதிப்பெண் மட்டும்தான். இதை மாற்றிக் கணக்குப் போட முயலாதீர்கள்.

பத்து மீட்டர் வட்டம்

இந்த விளையாட்டில் ஒரே ஓர் அளவைத்தான் கண்ணால் அறிந்திருக்க முடியுமென்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கூடையை நடுவில் வைத்து 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். அதற்குள் நின்று எறிவது புட். வட்டத்துக்கு வெளியே நீங்கள் எறிந்துவிட்டு அந்த வேகத்திலேயே முன்னால் காலெடுத்து வைக்கலாம். உள்ளே அப்படிச் செய்ய முடியாது. டிஸ்க்கை விட்ட பிறகு, நின்ற இடத்திலேயே உடம்பைச் சமநிலையில் நிறுத்திக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கூடையை நோக்கி நகரலாம். தடுமாறி முன்னால் கால் பட்டால், கூட ஆடுகிறவர்கள் சுட்டிக்காட்டினால், ஓர் எறி தண்டனையாகச் சேரும்.

வர்ணனைகளில் இந்த வட்டத்துக்குப் பெயர் சர்க்கிள் ஒன். 20 மீட்டர் வட்டத்துக்கு சர்க்கிள் டூ. அமெரிக்க வர்ணனையாளர்கள் முதலாவதை 33 அடி என்பார்கள், இரண்டாவதை 66 அடி என்பார்கள். காதில் விழுந்தவுடன் எனக்கு ஏதோ பழக்கப்பட்ட எண் மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் பிடிபட்டது. கிரிக்கெட் பிட்ச்! ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 22 கஜம். கஜத்துக்கு 3 அடி. 66 அடி. அதாவது 20.12 மீட்டர்.

நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதில் தெருவில் செங்கல்லை நட்டு, இருபத்திரண்டு எட்டு வைத்து பிட்ச் அளந்தவர்கள். அந்தத் தூரம் நம் காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். சர்க்கிள் டூ என்பது பந்து வீசும் முனை ஸ்டம்பிலிருந்து எதிர் ஸ்டம்ப் வரை. சர்க்கிள் ஒன் என்பது அதில் சரிபாதி. பத்து மீட்டரை வேறு விதமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆண்கள் கபடி ஆடுகளத்தின் அகலமும் அதுதான். மதுரைத் தம்பிக்கு நான் பத்து மீட்டர் என்று சொன்னபோது அவர் வெறுமனே தலையாட்டினார். பாதி பிட்ச் என்றதும் திரும்பி, கூடையிலிருந்து அந்த வெள்ளைப் புள்ளி வரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் எந்த ஹோலிலும் வட்டம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் 33 அடி என்பது வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று முழுமையாக்கிய எண். பத்து மீட்டர் என்பது உண்மையில் 32 அடி 9.7 அங்குலம். 33 அடி என்பது 10.058 மீட்டர். வித்தியாசம் 5.8 செ.மீ. மூன்று விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் கவலைப்படுவார்களா என்றால், எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு முறை அப்படித்தான் ஆனது.

புள்ளிகள் எதுவும் இல்லாத ஹோல் அது. நண்பர் ஒருவர் தன் மினியை வைத்தார். மினி என்பது டிஸ்க் விழுந்த இடத்தைக் குறிக்க வைக்கும் சின்ன வட்டு. அதற்குப் பின்னால் நின்று எறிந்தார், சங்கிலி குலுங்கியது, டிஸ்க் உள்ளே விழுந்தது, மகிழ்ச்சியில் ஒரு காலை முன்னால் வைத்துவிட்டார். வட்டத்துக்கு உள்ளே நின்றீர்களா வெளியேயா என்று கேள்வி வந்தது. ஒருவர் எட்டு வைத்து நடந்து பார்த்தார். பதினொரு பெரிய எட்டு வந்தது, அமெரிக்கர்கள் எட்டுக்கு ஒரு கஜம் என்று கணக்கு வைப்பார்கள், ஆக 33 அடி. இன்னொருவர் பையில் 33 அடிக்கு வெட்டி வைத்த கயிறு இருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தால் மினி கயிற்றுக்கு உள்ளே. கடைசியில் காரிலிருந்து எஃகு டேப் கொண்டு வந்தார்கள். கம்பத்தின் அடியிலிருந்து மினியின் பின்விளிம்பு வரை 10.03 மீட்டர். கயிற்றின்படி உள்ளே, விதிப்படி வெளியே. விதியில் இருப்பது மீட்டர். அதனால் அவர் முன்னால் கால் வைத்தது தப்பில்லை, எறி செல்லும். கயிறு வைத்திருந்தவர் அன்றைக்கே அதன் நுனியை வெட்டிச் சரி செய்தார்.

இந்த ஒரு சம்பவம் போதும், எது மூல அளவு, எது மொழிபெயர்ப்பு என்று புரிய. பத்து மீட்டர்தான் மூலம். 33 அடி அதன் செல்லப்பெயர்.

புள்ளிவிவரங்களில் சி1எக்ஸ் என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். முதல் வட்டத்துக்குள் எறிந்த புட்டுகளில் 11 அடிக்கு உள்ளே உள்ளவற்றைக் கழித்துவிட்டு மீதியில் எத்தனை விழுந்தன என்ற கணக்கு அது. அவ்வளவு கிட்டேயிருந்து எல்லோரும் போட்டுவிடுவார்கள், அதைச் சேர்த்தால் யார் திறமைசாலி என்று தெரியாது. வெளி எல்லை மீட்டரிலிருந்து வந்தது, உள் எல்லை அடியிலிருந்து. ஒரே எண்ணுக்குள் இரண்டு முறைகளும் கைகோத்து நிற்கின்றன.

ஏ4 தாளும் மரத்தில் மாட்டிய டிஸ்க்கும்

மற்ற விதி அளவுகள் சின்னவை. அடுத்த எறிக்குக் கால் வைக்க வேண்டிய இடம் மினிக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் கொண்ட செவ்வகம். இதைச் செ.மீ.யில் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு ஏ4 தாள் 21-க்கு 29.7 செ.மீ. தாளை நீளவாக்கில் மினிக்குப் பின்னால் விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் காலின் ஏதோ ஒரு பகுதி பட வேண்டும். தாளின் அகலமான 21 செ.மீ.யே டிஸ்க்குக்குக் குறைந்தபட்ச விட்டமும்கூட.

எல்லைக்கு வெளியே டிஸ்க் போனால், ஓபி என்பார்கள், ஓர் எறி தண்டனை. பிறகு அது எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே வந்து அடுத்த எறியை எறியலாம். இங்கே ஒரு மீட்டர் என்பது 3 அடி அல்ல, 3 அடி 3 அங்குலத்துக்கும் சற்று மேல். குளத்தங்கரையில், வேலியோரத்தில் அந்தக் கூடுதல் மூன்று அங்குலம் கையை வீசுவதற்கு இடம் தரும். மீட்டரில் உள்ள உரிமையை அடியில் அளந்து இழக்காதீர்கள்.

மரக்கிளையில் டிஸ்க் மாட்டிக்கொண்டால் வருவது இரண்டு மீட்டர் விதி. தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் சிக்கியிருந்தால் ஓர் எறி தண்டனை. முன்பு இது எல்லாப் போட்டிகளுக்கும் பொது. இப்போது போட்டி நடத்துகிறவர் அறிவித்தால் மட்டும் உண்டு. இரண்டு மீட்டர் என்றால் ஆறரை அடிக்கு முக்கால் அங்குலம்தான் சேர்த்தி. நடுத்தர உயரமுள்ளவர் கையைத் தூக்கினால் அதற்கு மேலேயே எட்டும். ஆகவே கை எட்டுகிறது என்பதற்காகத் தண்டனை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

டீக்குத் தளம் எதுவும் போடாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால், அந்தக் கோட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் வரை உங்கள் இடம்.

தூரம்: நூறுகளின் மேல் ஆசை

அமெரிக்காவில் ஆரம்பக்காரர் ஒவ்வொருவரும் துரத்தும் எண் 300 அடி. அதைத் தாண்டிய நாளை யாரும் மறப்பதில்லை. ஐரோப்பாவில் அதே இடத்தில் 100 மீட்டர் நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 300 அடி என்பது 91 மீட்டர். 100 மீட்டர் என்பது 328 அடி. ஒரே திறமையுள்ள இருவரில் அமெரிக்கர் இலக்கை எட்டிவிட்டதாகச் சந்தோஷப்படும்போது ஃபின்லாந்துக்காரர் இன்னும் ஒன்பது மீட்டருக்காக உழைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் முன்னேறவே இல்லை என்று மனம் சோர்ந்தால், எந்த அலகில் இலக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

கிரிக்கெட் ஒளிபரப்பில் சிக்ஸரின் தூரத்தை மீட்டரில் காட்டுவார்களே, அந்த அளவு நமக்குப் பழக்கம். 91 மீட்டர் சிக்ஸர் என்றால் நல்ல அடி என்று தெரியும். 300 அடி எறி அதே தூரம், பந்துக்குப் பதிலாக டிஸ்க்.

2021 உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஹோலை டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரம். பால் மெக்பெத் ஓர் எறி முன்னிலையில் இருந்தார். ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்த டிஸ்க் நேராகக் கூடைக்குள் போய் விழுந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் ஹோலில் அவரே பட்டத்தையும் வென்றார். 247 அடி என்றால் 75 மீட்டர். மூன்றே முக்கால் பிட்ச். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சின்னக் கூடை. எண்ணை அடியில் கேட்டபோது எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. பிட்சாக மாற்றிப் பார்த்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது.

எறிந்ததிலேயே அதிக தூரம் என்ற சாதனை டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016-இல் நெவாடா மாநிலத்தின் பிரிம் என்ற பாலைவன ஊரில், பலமான காற்றின் துணையோடு எறிந்தது. 338 மீட்டர். டிஸ்க் விளையாட்டுகளுக்கான உலகக் கூட்டமைப்பு தன் பதிவுகளை மீட்டரில் வைத்திருக்கிறது. அமெரிக்கர்கள் இதை 1,109 அடி என்று சொல்வார்கள். ஆயிரத்தைத் தாண்டுவதால் அடியில் கேட்க இன்னும் பெரிதாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாற்றும் கணக்குக்குப் போன் தேவையில்லை. மீட்டரிலிருந்து அடிக்கு: மூன்றால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 80 மீட்டர் என்றால் 240, அதோடு 24, ஆக 264. சரியான விடை 262.5. போதுமான நெருக்கம். அடியிலிருந்து மீட்டருக்கு: நூறு அடிக்கு முப்பதரை மீட்டர். 200 அடி 61, 300 அடி 91, 400 அடி 122, 500 அடி 152. இந்த நான்கையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டால் எந்த நாட்டுப் பலகையையும் படிக்கலாம்.

பலகையில் அலகே எழுதவில்லை என்றால்? பாரைப் பாருங்கள். பார் 3-க்கு 250, 300 என்று இருந்தால் அது அடி. 75, 90 என்று இருந்தால் மீட்டர். 285 மீட்டருக்கு யாரும் பார் 3 கொடுக்க மாட்டார்கள்.

மேடு பள்ளமும் உண்டு. கோர்ஸ் வடிவமைப்பவர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு, ஏற்றத்தை மூன்றால் பெருக்கி நீளத்தோடு கூட்டுவது. 10 அடி ஏற்றம் என்றால் 30 அடி கூடுதலாக எறிவதற்குச் சமம். இது விகிதம் என்பதால் மீட்டரிலும் அப்படியே பொருந்தும். ஆனால் நீளம் அடியிலும் உயரம் மீட்டரிலும் இருந்தால் கணக்கு கெட்டுவிடும். போனிலுள்ள வரைபடம் உயரத்தை மீட்டரில் காட்ட, பலகை நீளத்தை அடியில் சொல்ல, இந்தத் தவறு சத்தமில்லாமல் நடக்கும்.

காற்றில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. ஃபின்லாந்தில் வானிலை அறிக்கை காற்றை விநாடிக்கு மீட்டரில் சொல்கிறது. அமெரிக்காவில் மணிக்கு மைல். நம் ஊரில் மணிக்குக் கிலோமீட்டர். "காற்று 5" என்று ஃபின்லாந்துக்காரர் சொன்னால் அது மணிக்கு 11 மைல், 18 கிலோமீட்டர். எதிர்க்காற்றாக வந்தால் டிஸ்க்கைப் புரட்டிவிடும். அதையே அமெரிக்கர் சொன்னால் இலை மெல்ல அசையும் காற்று. தூரத்தில் அலகு மாறினால் உடனே சந்தேகம் வரும், ஏனென்றால் எண் மூன்று மடங்கு வேறுபடுகிறது. காற்றில் 5 என்பது இரண்டு முறைகளிலும் நம்பும்படியான எண். அதனால்தான் ஏமாறுகிறோம். விநாடி மீட்டரை இரட்டிப்பாக்கி இன்னும் கொஞ்சம் கூட்டினால் மைல் வந்துவிடும்.

எதை வைத்துக்கொள்வது

யூடிஸ்க் போன்ற செயலிகளில் அடி, மீட்டர் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். என் கருத்து கேட்டால், நீள எறிக்கு மீட்டர் நல்லது, புட்டுக்கு அடி நல்லது. நீண்ட எறியை 313 அடி என்று சொல்வதில் பொருளில்லை. போனின் ஜிபிஎஸ் தானே சில மீட்டர்கள் முன்பின்னாகத்தான் காட்டும், கடைசி இலக்கத்தை நம்ப முடியாது. 95 மீட்டர் என்றால் தேவையானதைச் சொல்லிவிட்டது. புட் அப்படி அல்ல. 18 அடிக்கும் 22 அடிக்கும் கை உணரும் வித்தியாசம் உண்டு. அதை ஐந்தரை மீட்டர், ஆறே முக்கால் மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சில் ஒட்டாது. ஆனால் இது பழக்கத்தைப் பொறுத்தது. ஐரோப்பியர்கள் ஆறு மீட்டர் புட், எட்டு மீட்டர் புட் என்று சொல்லி அழகாகத்தான் ஆடுகிறார்கள்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் ஆள் உயரத்தை அடியில் சொல்கிறோம், துணியை மீட்டரில் எடுக்கிறோம், பூவை முழத்தில் வாங்குகிறோம். ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாமலேயே இரண்டிலும் வாழத் தெரியும். டிஸ்க் கோல்ஃபிலும் அதையே செய்யுங்கள். ஆறடி ஆளை மீட்டரில் மாற்றிப் பார்த்தா உயரம் என்கிறோம்?

அந்தத் தம்பி இப்போது வாரம் தவறாமல் வருகிறார். புட் பயிற்சிக்காக ஒரு நைலான் கயிறு தயார் செய்து வைத்திருக்கிறார். ஒரு முனையில் கம்பத்தில் மாட்டுவதற்கு ஒரு வளையம், 3.35 மீட்டரில், அதாவது 11 அடியில், சிவப்பு டேப், ஐந்து மீட்டரில் ஒரு முடிச்சு, பத்து மீட்டரில் கடைசி முடிச்சு. நீங்களும் செய்து பாருங்கள், செலவு ஒன்றுமில்லை. வளையத்தையும் முடிச்சுகளையும் போட்டு முடித்த பிறகு, கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். முதலில் அளந்து வெட்டிவிட்டுப் பிறகு முடிச்சுப் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். வட்டத்தின் விளிம்பில் கேள்வியே அந்த ஆறு சென்டிமீட்டரைப் பற்றித்தான்.